மெர்சி கண்ட நீலம்

மெர்சி இறந்து நான்கு நாட்கள் கழித்துத்தான் எனக்குச் செய்தி தெரிந்தது. ஜூலை மாத மழையில் நனைந்தபடி அலுவலகத்துக்குள் நுழைந்து குடையை மடக்கிக்கொண்டிருந்தேன். பியூன் என் மேசையருகே வந்து நின்றார். நிமிர்ந்து பார்த்ததும், "சாஹேப், மெர்சி மேடம் கேல்யா" என்றார். மெர்சி மேடம் போய்விட்டார்கள் என்று மராத்தியில் சொன்னார். எங்கே போனார், சொந்த ஊரான நாசரேத்துக்கா என்று கேட்டேன். அவர் விரலால் மேலே காட்டினார். அப்போதுதான் விளங்கியது.

அன்று மாலையே, புனே கட்கியில் இருந்த மெர்சியின் வீட்டுக்குப் போனேன். அவருடைய அண்ணன் ஜேக்கப் வாசலில் உட்கார்ந்திருந்தார். அடக்கம் முடிந்து, வாடகை நாற்காலிகள்கூடத் திரும்பிப் போய்விட்டிருந்தன. "ஒங்களுக்குச் சொல்லி அனுப்பணும்னுதான் நெனச்சேன் சார். அவதான் யாருக்கும் சொல்ல வேண்டாம்னுட்டா. மழையில எல்லாரையும் அலைய விடாதீயன்னா" என்றார். அந்த 'யாருக்கும்' என்பதில் நானும் அடக்கமா, அல்லது முக்கியமாக நான்தானா என்று ஜேக்கப்பிடம் கேட்க எனக்குத் துணிவில்லை.

உங்கள் சபையின் செய்தி மடலுக்கு ஒரு அஞ்சலி எழுதித் தரும்படி கேட்டவரும் அவர்தான். நான் உங்கள் சபையைச் சேர்ந்தவன் அல்ல. உங்களில் பலருக்கு மெர்சி பாக்கியநாதன் ஞாயிறு பள்ளி டீச்சர். கிறிஸ்துமஸ் பாடல் குழுவில் இரண்டாம் வரிசையில் நின்று பாடியவர். வார நாட்களில் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் 'பூச்சி ஆபீஸ்' என்பீர்கள். ஒவ்வொரு வருடமும் மழை ஓய்ந்ததிலிருந்து நவம்பர் முடியும்வரை அவர் ஞாயிறு ஆராதனைக்கு வருவதில்லை என்றும், அதைப் பற்றிச் சபையில் கொஞ்சம் பேச்சு இருந்தது என்றும் ஜேக்கப் சொன்னார். அந்த ஞாயிறுகளில் அவர் எங்கே இருந்தார் என்பதைச் சொல்ல இப்போது என்னைத் தவிர ஆள் இல்லை. சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பதைப் படித்து முடித்தபின் நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

நாங்கள் இருவரும் ஒரே அறையில் பதினைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தோம். மலைகளிலும் காடுகளிலும் பிடித்து வரும் பூச்சிகளைப் பெட்டிகளில் அடுக்கிப் பெயர் எழுதி வைக்கும் அரசு அலுவலகம் அது. அவர் ஆய்வு உதவியாளர். நான் ஓவியன். என் அப்பா விமானப் படையில் வேலை பார்த்து இங்கே லோஹேகாவ் தளத்தில் ஓய்வு பெற்றவர். வேலூருக்குத் திரும்பிப் போக எங்களுக்கு அங்கே எதுவும் மிச்சமில்லாததால் நானும் இங்கேயே வேலை தேடிக்கொண்டேன். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் சேர்ந்தபோது என் பணி தற்காலிகமானது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாளில் கையெழுத்தாகி வர வேண்டும். அந்தத் தாளைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

சேர்ந்த புதிதில் ஒரு ஊசித்தட்டானின் வால் நுனியை நுண்நோக்கியில் பார்த்து வரைந்து கொடுத்தேன். ஆண் பூச்சிக்கு அங்கே பெண்ணைப் பற்றிக்கொள்ளும் கொக்கிகள் உண்டு. இனத்துக்கு இனம் அவற்றின் வடிவம் மாறும். மெர்சி என் படத்தையும் பூச்சியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தப் பக்கத்துக் கொக்கியில ஒரு பல்லு போட்டிருக்கீய. அங்க பல்லு இல்லியே சார்."

"அந்தப் பக்கத்துல இருக்கே மேடம். இங்கயும் இருக்கணும் இல்ல? உடைஞ்சிருக்கும்."

"இருக்கணும்ங்கறத வரையாதீய. இருக்கறத வரையுங்க. ஒடஞ்சிருந்தா ஒடஞ்சத வரையுங்க."

அவர் குரலில் அதட்டல் இல்லை. ஆனால் படத்தைத் திரும்ப வரையும்வரை அவர் என் மேசையை விட்டு நகரவில்லை. வேலையைப் பொறுத்தவரை அவரிடம் இரண்டாவது பேச்சு கிடையாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு அக்டோபர் மாதம் நாங்கள் இருவரும் புனேவுக்கு மேற்கே உள்ள மலைக்கு அலுவலக ஜீப்பில் போனோம். சாலை முடிந்த இடத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் ஏறி, மறுபுறப் பள்ளத்தாக்கில் இறங்கினோம். மலைச்சரிவு முழுவதும் மஞ்சளாக சோன்கிப் பூ. தூறல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அங்கே ஓர் ஓடை, ஆள் உயரத்துக்குப் பாறையிலிருந்து விழுந்தது. விழும் நீருக்குப் பின்னால் குகை மாதிரி ஓர் இருட்டு. மெர்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் மண்டியிட்டார். வெகுநேரம் அசையவே இல்லை.

"சார், மெதுவா வாங்க. சத்தம் போடாதீய" என்றார்.

பாறையிலிருந்து தொங்கிய ஒரு வேரில் ஓர் ஊசித்தட்டான் இருந்தது. தையல் நூலைவிடக் கொஞ்சம்தான் தடிமன். உடல் கறுப்பு. தலைக்கும் மார்புக்கும் நடுவே கழுத்துப் போன்ற பகுதி மட்டும் நீலம். அந்த இருட்டில் அந்த நீலம் தனியாக மிதப்பதுபோல் இருந்தது. மெர்சி வலையை வீசவில்லை. வேருக்குக் கீழே பிடித்து மெல்ல உயர்த்தினார். பிறகு சிறகுகளை இரு விரல்களுக்கு நடுவே மடக்கிப் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்.

"இது நம்ம பெட்டி எதுலயும் இல்ல. புஸ்தகத்துலயும் இல்ல. கழுத்து நீலமா ஒண்ணு கெடையவே கெடையாது சார்" என்றார். அடுத்த மூச்சில், "கலர் டப்பா கொண்டாந்தீயளா?" என்று கேட்டார்.

வண்ணப் பெட்டியை நான் ஜீப்பில் விட்டு வந்திருந்தேன். மழையில் நனைந்துவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஏற்றத்தில் தூக்கிக்கொண்டு வரச் சோம்பல். "நாளைக்கு ஆபீஸ்ல வச்சு வரைஞ்சிடறேனே மேடம்" என்றேன்.

"நாளைக்குன்னா இது வேற பூச்சி" என்றார் அவர்.

அது உண்மை. இந்தப் பூச்சிகளின் நிறம் உயிரோடு இருக்கும்வரைதான். செத்துக் காய்ந்ததும் நீலம் பழுப்பாகிவிடும். எனவே அவர் பூச்சியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாகத்தின் நிறத்தையும் சொல்லச் சொல்ல, அவருடைய குறிப்பேட்டில் நான் பென்சிலால் எழுதினேன். எழுதும்போது குனிந்து நானும் பார்த்தேன். பத்து நிமிடம் இருக்கும். பிறகு அதே இடத்தில் இன்னொரு ஆணும் கிடைத்தது. பெண் கிடைக்கவில்லை. மறுநாள் காலை அலுவலகத்தில் காகித உறையைப் பிரித்தபோது இரண்டின் கழுத்தும் தேநீர்க் கறை மாதிரி ஆகிவிட்டிருந்தது.

ஓர் உயிருக்குப் புதிதாகப் பெயர் வைப்பதென்றால் அதை அளந்து, வரைந்து, அதைப் போன்ற எல்லாவற்றிலிருந்தும் அது எங்கே வேறுபடுகிறது என்று எழுதி அச்சேற்ற வேண்டும். அச்சானது எதுவோ அதைத்தான் உலகம் நம்பும். மெர்சி இரண்டு வருடம் அந்தக் கட்டுரையை எழுதினார். வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்கு எழுதி, பழைய பூச்சிகளின் விவரங்களைக் கேட்டு வாங்கினார். நான் கொக்கியைப் பதினோரு முறை வரைந்தேன். பூச்சிக்கு அந்த ஓடையின் பெயரையே வைக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். மலையில் கால்நடை மேய்ப்பவர்களிடம் கேட்டு அந்தப் பெயரின் உச்சரிப்பைக்கூடச் சரிபார்த்து வைத்திருந்தார்.

கட்டுரை முடியும் தறுவாயில் நாசரேத்தில் அவருடைய அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. மெர்சி விடுப்பில் போனார். அம்மாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்ப மூன்று மாதமாயிற்று. அதற்குள் எங்கள் பிரிவு அதிகாரிக்குப் பதவி உயர்வு நேர்காணல் வந்தது. அவருக்கு உடனடியாக ஒரு வெளியீடு தேவைப்பட்டது. மெர்சியின் மேசையிலிருந்து அளவுகளையும் என் படங்களையும் எடுத்துக்கொண்டார். நிறக் குறிப்பேடு மட்டும் மெர்சியின் பையோடு நாசரேத்துக்குப் போயிருந்தது. அதிகாரி பெட்டியைத் திறந்தார். காய்ந்த பூச்சியைப் பார்த்தார். கண்ணில் பட்டதை எழுதினார். கழுத்து: மங்கிய பழுப்பு. டில்லியில் இருந்த தம் மேலதிகாரியின் பெயரைப் பூச்சிக்குச் சூட்டி, கட்டுரையைத் தம் பெயரில் ஓர் ஆய்விதழில் அச்சேற்றினார்.

நேர்காணலில் அவர் தேறினார். எங்கள் அலுவலகத்துக்கே தலைவரானார்.

மெர்சி வேலைக்குத் திரும்பிய நாளில் அச்சுப் பிரதி அவர் மேசையில் கிடந்தது. பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றபடியே படித்தார். கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில், மாதிரிகளைச் சேகரித்து உதவியதற்காக அவருக்கு ஒரு வரி நன்றி இருந்தது.

"ஒங்க பேரையே போடலையே மேடம்" என்றேன்.

"பேரு கெடக்கு. நெறம் தப்பால்லா இருக்கு" என்றார். "இதப் பாத்துட்டு ஒருத்தன் தேடிப் போனா பழுப்பாத்தான தேடுவான்? கண்ணு முன்னால நீலமா இருந்தாலும் விட்டுட்டு வந்துருவானே."

அவர் அதிகாரியிடம் போய்ப் பேசினார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். பிறகு அந்த ஆய்விதழுக்கு நேராகத் திருத்தம் எழுதி, நிறக் குறிப்பேட்டின் நகலையும் சேர்த்து அனுப்பினார். அதன் ஆசிரியர் மரியாதையாகப் பதில் போட்டார். நிறத்தைத் திருத்த வேண்டுமானால் உயிரோடு ஒரு பூச்சியைப் பிடித்து நிரூபிக்கலாம். இல்லையென்றால், பிடித்தபோது உடனிருந்த மற்றொருவர் தாம் நேரில் கண்டதாக எழுதித் தந்தாலும் போதும்.

உடனிருந்தவன் நான் ஒருவன்தான்.

அந்தக் கடிதத்தின் நகல் அதிகாரிக்கும் போயிருந்தது. என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், அதற்கு முன் அவர் என்னை உட்காரச் சொன்னதே இல்லை. "நீங்கள் கறுப்பு மையில் வரைபவர், மிஸ்டர் சுந்தரம். நிறத்தைப் பற்றி உங்களுக்கு என்ன கவலை?" என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "குறிப்பேட்டில் இருப்பது உங்கள் கையெழுத்துதான். ஆனால் அவர் சொன்னதைத்தானே எழுதினீர்கள்?"

ஆமாம் என்றேன்.

"அப்படியென்றால் அதை மட்டும் எழுதிக் கொடுங்கள். பொய் எதுவும் எழுத வேண்டாம்."

மேசையில் என் பணி நிரந்தரம் பற்றிய கோப்பு இருந்தது. அவர் அதைத் தொடவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. வீட்டில் என் மகள் பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. நான் எழுதிக் கொடுத்தேன்: 'குறிப்புகளைக் குமாரி மெர்சி சொல்ல, நான் எழுதினேன். நிறத்தை நானே தனியாகச் சரிபார்த்ததாக எனக்கு உறுதியான நினைவு இல்லை.' அவர் பெயருக்கு முன் எந்த அடைமொழி போட வேண்டும் என்பதில் அவ்வளவு கவனமாக இருந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் அது இரண்டே வாக்கியம். இரண்டாவது பொய்.

அலுவலக வழக்கப்படி அந்தத் தாளின் நகல் மெர்சியின் மேசைக்கு வந்தது. அவர் படிப்பதை நான் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். படித்ததற்கு அடையாளமாக ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து என் மேசைக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"அடுத்த கட்டுரைக்கு ஏழு படம் பாக்கி இருக்கு சார். சனிக்கெழமைக்குள்ள முடிச்சிரலாமா?" என்றார்.

முடித்துவிடலாம் என்றேன். அவ்வளவுதான். அந்தத் தாளைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, அடுத்து வந்த வருடங்களிலும் பேசவில்லை. இரண்டு மாதத்தில் என் வேலை நிரந்தரமானது. வாழ்த்துச் சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

இனி அவருக்கு இருந்தது ஒரே வழி. உயிரோடு ஒரு பூச்சியைப் பிடிக்க வேண்டும். அலுவலக ஜீப் அவருக்கு இனிக் கிடைக்காது. ஞாயிறு மட்டும்தான் முழு விடுமுறை. எனவே அவர் அக்டோபர், நவம்பர் ஞாயிறுகளில் அதிகாலை அரசு எஸ்.டி. பஸ் ஏறி மலைக்குப் போகத் தொடங்கினார். அந்த ஞாயிறுகள்தான் உங்கள் ஆராதனையில் அவர் இல்லாத ஞாயிறுகள். முதல் வருடம் தனியாகப் போனார். இரண்டாம் வருடம் பஸ் நிலையத்தில் நானும் போய் நின்றேன். என்னைப் பார்த்துவிட்டு, "குடை கொண்டாந்தீயளா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

மூன்று வருடம் அந்த ஓடையில் ஒன்றும் அகப்படவில்லை. மேலே சாலைக்காகப் பாறை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஓடையில் சாம்பல் நிறத்தில் சேறு இறங்கியது. கீழே பள்ளத்தாக்கில் அணை எழும்பிக்கொண்டிருந்தது. பள்ளத்தாக்கில் இருந்தவர்கள் வீட்டுக் கதவு, ஜன்னல்களைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தோம். நான்காம் வருடம் நாங்கள் போனபோது பாதை தண்ணீருக்குள் இறங்கிப்போயிற்று. ஒரு மாமரத்தின் உச்சி மட்டும் வெளியே தெரிந்தது. ஓடை விழுந்த பாறை இருந்த திசையில் நீர் சமமாக, அசைவில்லாமல் கிடந்தது. மெர்சி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடுத தண்ணியிலதான் அது முட்டையிடும். நிக்கித தண்ணி அதுக்கு ஆகாது" என்றார். கொண்டு வந்திருந்த பாக்ரி ரொட்டியையும் மிளகாய்த் தேச்சாவையும் பிரிக்காமலே திரும்பினோம்.

அவர் விடவில்லை. பக்கத்து மலைகளில் அதே மாதிரி நிழலும் நீரும் உள்ள ஓடைகளைத் தேடிப் போனார். எண்பதுகள் பிறந்தன. கால் முட்டி வலிக்கு எண்ணெய் தடவிக்கொண்டு ஏறினார். எத்தனை ஓடை, எத்தனை பாறை இடுக்கு என்று என்னால் கணக்குச் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஓடையிலும் மண்டியிட்டு அவர் வெகுநேரம் காத்திருப்பார். நான் அவருக்குப் பின்னால் நிற்பேன். எழும்போது கை நீட்டுவேன், பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். "இல்ல" என்பார். பிறகு அடுத்த ஓடை.

இதற்கிடையே தெற்கிலிருந்து ஓர் ஆய்வாளர், கழுத்துப் பழுப்பான அந்தப் பூச்சியைத் தேடிப் பார்த்துக் கிடைக்காமல், எங்கள் பெட்டியிலிருந்த இரண்டையும் வாங்கி ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். இது ஏற்கெனவே தெரிந்த வேறொரு இனம்தான். கொக்கியில் காணும் சிறு வேறுபாட்டை இரண்டே பூச்சிகளை வைத்துப் பெரிதாக எடுக்க முடியாது. நிறத்திலோ வேறுபாடே இல்லை. எனவே அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று எழுதியிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அச்சில் இருந்ததை நம்பினார். எங்கள் அதிகாரி அதற்குள் டில்லிக்குப் போய்விட்டார். அவர் மறுத்து எதுவும் எழுதவில்லை.

அந்தக் கட்டுரையை மெர்சி எனக்குப் படித்துக் காட்டினார். "செத்துப் போச்சுன்னு சொன்னாக்கூடப் பரவால்ல சார். இருந்ததே இல்லன்னுல்லா எழுதிட்டாங்க" என்றார். குரல் உடையவில்லை. ஆனால் அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் அவருடைய பஸ் வந்து நின்று, புறப்பட்டுப் போனதை அவர் கவனிக்கவில்லை.

போன நவம்பரில் கடைசியாகப் போனோம். சிறுநீரகக் கோளாறினால் அவர் கால்கள் வீங்கியிருந்தன. ஜேக்கப் தடுத்தும் கேட்கவில்லை. மலையடிவாரத்திலேயே அவரால் அதற்குமேல் ஏற முடியவில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. அவசரப்படாதீய" என்றார்.

நான் தனியாக ஏறினேன். நீர் விழும் இடத்தைக் கண்டுபிடித்து, அவர் செய்வதுபோலவே மண்டியிட்டு ஒரு மணி நேரம் பார்த்தேன். வேர்கள் தொங்கின, நீர் விழுந்தது, வேறொன்றும் இல்லை. இறங்கி வரும்போது தூரத்திலிருந்தே அவர் முகம் தெரிந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு 'இல்லை' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"பாத்தேன் மேடம். பிடிக்கிறதுக்குள்ள உள்ள போயிடுச்சு" என்றேன்.

அவர் அவசரமில்லாமல் கேட்டார். "எங்க உக்காந்திருந்துச்சு?"

"வேர்ல."

"கழுத்து?"

"நீலம். நல்ல நீலம் மேடம்."

மெர்சி என்னை நெடுநேரம் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மிகவும் களைத்திருந்தார்.

"பூச்சி இல்லாத எடத்துல நெறம் சொல்லாதீய சார்" என்றார். பிறகு எழுவதற்காகக் கையை நீட்டினார். பிடித்துத் தூக்கினேன். பஸ்ஸில் திரும்பும்போது அவர் தூங்கிவிட்டார், அல்லது தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

பூச்சி இருந்த இடத்தில் நான் நிறத்தைச் சொல்லவில்லை. இல்லாத இடத்தில் சொன்னேன். இரண்டையும் அவர் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் நோய் விடுப்பில் இருந்த மாதங்களில் நான் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

அடக்கம் முடிந்த அந்த வாரத்திலேயே ஆய்விதழுக்கு எழுதினேன். உடனிருந்தவன் நான்; என் கண்ணால் கண்டேன்; முன்பு நான் எழுதிக் கொடுத்தது பொய்; வேலைக்குப் பயந்து எழுதினேன் என்று எழுதினேன். எனக்கு இன்னும் ஏழு வருடப் பணி இருக்கிறது. இப்போது என்ன நடந்தாலும் சரி என்று தோன்றியது. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. போன வாரம் பதில் வந்தது. ஆசிரியர் மாறிவிட்டார். இத்தனை வருடம் கழித்து நினைவை மட்டும் வைத்து எதையும் வெளியிட இயலாது என்றும், அந்தப் பெயரே இப்போது வழக்கில் இல்லை என்றும் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

ஜேக்கப் அவருடைய குறிப்பேடுகளை எனக்குத் தர முன்வந்தார். வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அவற்றை வைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. மெர்சியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது ஈரப் பாறையடியில் அவர் கையைப் பார்த்தபடி குனிந்திருந்த அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான். அதைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். உண்மையைச் சொன்னவரை நீங்கள் மழையில் சுமந்துபோய் அடக்கம் செய்துவிட்டீர்கள். மற்றவன் சொல்வதை இனி நம்ப எவருக்கும் காரணம் இல்லை.

இருந்தாலும் எழுதி வைக்கிறேன். அதன் கழுத்து நீலம்.